ஈயம் போனது, தண்ணீர் திரும்பியது: சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் என்ன நடக்கிறது?

2025ஆம் ஆண்டில் கோத்தா திங்கி வட்டாரத்தில் மணல் எடுக்கும் இடம் ஒன்றின் வண்டல் குளம் உடைந்து, ஜொகூர் ஆறு தே தாரே நிறத்தில் ஓடியது பலருக்கும் நினைவிருக்கும். நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் பாதிக்கப்பட்டன. அந்தச் சம்பவத்தில் நமக்கு ஒரே ஒரு வசதி இருந்தது. கெட்டது கண்ணுக்குத் தெரிந்தது. பாலத்தில் நின்று கைப்பேசியில் படம் பிடிக்க முடிந்தது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஆற்றோரமாகவே மேலே போனால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத ஆறு கெட்டுப்போனால் என்ன செய்வது? நிலத்துக்கு அடியில், பாறைக்குள், குகை குகையாக ஓடும் ஆறுகள் இந்த நாட்டில் உண்டு. அவற்றின் மேல் நகரங்கள் நிற்கின்றன, கோயில்கள் நிற்கின்றன, நம்மவர்களின் வீடுகளும் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி நூறாண்டுக்கு மேல் ஈயம் தோண்டினார்கள். இன்றைக்கும் கல் உடைக்கிறார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஜொகூரில் சுண்ணாம்புக்கல் குன்றுகள் மிக அரிது. குளுவாங், கூலாய், செகாமட் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மலை என்றால் காடு மூடிய லேடாங் மலைதான். குகை என்றால் பத்துமலை. தைப்பூசத்துக்குப் பேருந்து பிடித்து பத்துமலைக்குப் போகிறோம், சொந்தபந்தம் ஈப்போவில் இருந்தால் கல்லுமலைக்கும் போகிறோம். படியேறுகிறோம், கும்பிடுகிறோம், திரும்புகிறோம். அந்தக் குன்று எப்படி நிற்கிறது, அதன் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் நம்மிடம் சொன்னதில்லை. நாமும் கேட்டதில்லை.

கரையும் கல்

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மிக லேசான அமிலமாகிறது. கருங்கல்லை அது ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புக்கல்லை மட்டும் வெடிப்பு வெடிப்பாகக் கரைக்கும். ஆயிரக்கணக்கான, லட்சக்கணக்கான ஆண்டுகளில் அந்த வெடிப்பு துளையாகி, துளை குழாயாகி, குழாய் குகையாகிறது. இத்தகைய நிலத்தைப் புவியியலாளர்கள் கார்ஸ்ட் என்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, குகைகளில் பெரும்பாலானவை தண்ணீருக்குள்தான் பிறக்கின்றன என்பது. நாம் நடந்து போகும் காய்ந்த குகை, ஒரு காலத்தில் தண்ணீர் நிரம்பிக் கிடந்து பின்னர் நீர்மட்டம் இறங்கியதால் காலியானது. அதற்குக் கீழே இன்னும் தண்ணீர் நிரம்பிய குகைகள் இருக்கும். மண்ணும் மணலும் உள்ள நிலத்தில் தண்ணீர் மெல்லக் கசிந்து, வடிகட்டப்பட்டுப் போகிறது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் அப்படி இல்லை. வீட்டுக் குழாயில் ஓடுவதுபோல நேராக ஓடுகிறது. ஓரிடத்தில் எண்ணெய் கொட்டினால், சேறு விட்டால், வடிகட்டப்படாமல் வேறு எங்கோ ஊற்றாக வெளிவரும். எங்கே வெளிவரும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீரில் சாயம் கலந்து விட்டு, எந்த ஊற்றில் சாயம் தெரிகிறது என்று காத்திருந்து பார்ப்பதுதான் ஆய்வாளர்களின் வழி.

கோப்பெங் அருகில் இருக்கும் குவா தெம்புருங் இதை நேரில் பார்க்க நல்ல இடம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவை நோக்கிப் போகும்போது வலப்பக்கம் தெரியும் குன்றுகளுக்குள் இருக்கிறது. தீபகற்பத்தின் மிக நீளமான குகைகளில் ஒன்று. அதற்குள் ஒரு ஆறே ஓடுகிறது. மலையின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது. ஈயம் தேடியவர்கள் இந்தக் குகைக்குள்ளும் புகுந்து தோண்டினார்கள். இப்போது அது சுற்றுலாத் தலம். நாங்கள் பிள்ளைகளுடன் போன அன்று மேலே வெயில்தான் அடித்தது. ஆனால் மலைப் பக்கம் கறுத்திருக்கிறது என்று சொல்லி, தண்ணீரில் இறங்கி நடக்கும் பாதைக்கு வழிகாட்டி எங்களை அனுப்பவில்லை. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். எனக்கும்தான். அரை மணி நேரத்தில் மழை கொட்டியது. காலையில் கணுக்கால் அளவு இருந்ததாகச் சொன்ன ஆறு, பழுப்பாகச் சீறிக்கொண்டு வந்தது. மேலே பெய்யும் மழைக்கும் உள்ளே ஏறும் வெள்ளத்துக்கும் நடுவில் அவ்வளவுதான் இடைவெளி.

பம்பு ஓடிய காலம்

கிந்தா பள்ளத்தாக்கின் இருபுறமும் கருங்கல் மலைகள். மேற்கே கிலேடாங் தொடர், கிழக்கே தித்திவாங்சா தொடர். நடுவில் தரைமட்டத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல் படுத்துக் கிடக்கிறது. ஈப்போவைச் சுற்றி நாம் பார்க்கும் குன்றுகள் அந்தப் பாறையில் கரையாமல் எஞ்சியவை. கருங்கல் மலையிலிருந்து மழை அடித்துக்கொண்டு வந்த ஈயத்தாது, சுண்ணாம்புப் பாறையின் குழிகளிலும் இடுக்குகளிலும் போய்ப் படிந்தது. இயற்கையே பாத்தி கட்டி ஈயத்தைச் சேர்த்து வைத்ததுபோல. உலகத்தின் மிகச் செழிப்பான ஈய வயல்களில் ஒன்றாக கிந்தா ஆனதற்கு இதுதான் காரணம்.

அந்த ஈயத்தை எடுக்க வேண்டுமானால் மேல்மண்ணை முழுக்க வழித்துவிட்டு, பாறைத் தரைவரை போக வேண்டும். பாறைத் தரையோ நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஆகவே இரவும் பகலும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பீய்ச்சு குழாயால் மண்ணைக் கரைத்து, சேற்றைப் பம்பு வைத்துப் பலகைப் பாலோங்கின் மேல் ஏற்றி, ஈயத்தைப் பிரித்தார்கள். பம்பு நின்றால் சுரங்கம் மூழ்கிவிடும்.

இங்கே நம் சமுதாயத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பத்துமலைக் கோயிலை நிறுவிய கே. தம்புசாமி பிள்ளை, லோக் இயூவுடன் சேர்ந்து ரவாங்கில் ஈயச் சுரங்கம் நடத்தியவர். சுரங்கத் தண்ணீரை இறைக்க மின்சாரப் பம்பைப் பயன்படுத்திய முன்னோடி என்று அவரைச் சொல்வார்கள். 1890இல் சுண்ணாம்புக் குன்றின் குகையில் வேலை நட்டவரும், ஈயக்குழியிலிருந்து தண்ணீரை இறைத்தவரும் ஒரே மனிதர். அவர்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் அதுதான் முன்னேற்றம். ஆனால் குன்றையும் குழியையும் தனித்தனி விஷயமாகப் பார்க்கும் பழக்கம் அவ்வளவு பழையது.

இரண்டுக்கும் என்ன தொடர்பு? பாறைக்குள் இருக்கும் குகைகளில் நிரம்பிய தண்ணீர் சும்மா கிடப்பதில்லை. மேலே இருக்கும் மண்ணைத் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. பம்பு வைத்து இறைத்தால் நீர்மட்டம் சுரங்கத்தில் மட்டும் இறங்காது. குழாய் குழாயாகத் தொடர்புள்ள பாறை என்பதால் சுற்றுவட்டாரம் முழுக்க இறங்கும். தண்ணீர் இருந்த இடம் காலியாகிறது. அடுத்த பெருமழையில் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காலி இடத்துக்குள் சரிகிறது. அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு பொந்து வளர்கிறது. மேலே புல் அப்படியே இருக்கும். சாலையும் வீடும் அப்படியே இருக்கும். கடைசி ஓர் அடி மண் உட்காரும் நாளில்தான் நமக்குத் தெரியும். இதைத்தான் புதைகுழி என்று செய்திகளில் படிக்கிறோம்.

இதற்கு உலகம் அறிந்த சாட்சி தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. ஜொகானஸ்பர்க்குக்கு மேற்கே தங்கச் சுரங்கங்களுக்காக, சுண்ணாம்புக்கல்லின் உறவான டோலமைட் பாறையிலிருந்து ஆண்டுக்கணக்கில் தண்ணீரை இறைத்தார்கள். 1962 டிசம்பரில் வெஸ்ட் டிரிஃபொன்டெய்ன் சுரங்கத்தின் கல் அரைக்கும் கட்டடம் முழுதாக நிலத்துக்குள் போனது. 29 தொழிலாளர்கள் மாண்டார்கள். 1964இல் பக்கத்து ஊரில் ஒரு வீடு, தூங்கிக்கொண்டிருந்த குடும்பத்தோடு காணாமல் போனது. தண்ணீரை இறைத்ததுதான் காரணம் என்பதில் அங்கே இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை.

கிந்தாவில் கதை இன்னொரு திருப்பம் எடுத்தது. 1979இல் மலேசியா ஏறக்குறைய 63,000 டன் ஈயம் எடுத்தது. உலக உற்பத்தியில் 31 விழுக்காடு. அதற்கு ஆறு ஆண்டு கழித்து, 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்துபோய் ஈயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. வேலை போனவர்களைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் எழுதின. பம்புகள் நின்றதைப் பற்றி யார் எழுதினார்கள்?

பம்பு நின்றதும் தண்ணீர் திரும்பியது. குழிகள் ஏரிகளாயின. ஈயக்குட்டை என்று நாம் சாதாரணமாகச் சொல்வது அதைத்தான். சில குட்டைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. சுங்கை பீசியில் உலகத்திலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பெயர் வாங்கிய குழி, இன்று வணிக வளாகமும் தங்கும் விடுதியும் சூழ்ந்த ஏரி. சன்வே லகூனும் பழைய ஈய நிலம்தான். ஈப்போவில் தாசெக் செர்மின் என்ற இடம் இருக்கிறது. சுற்றிலும் செங்குத்தான சுண்ணாம்புச் சுவர், நடுவில் கண்ணாடி போன்ற தண்ணீர். படம் எடுத்துப் போடாதவர் குறைவு. அதுவும் சுரங்கம் விட்டுப்போன தண்ணீர்தான். உள்ளே போகும் சுரங்கப் பாதை, சுரங்கக்காரர்கள் குடைந்தது. பக்கத்திலேயே கல்லுடைப்பு நடந்த இடம்.

இந்த அழகான குட்டைகளைத் தவிர மற்றவை வேலியின்றிக் கிடக்கின்றன. பள்ளி விடுமுறையில் குளிக்கப் போய் மூழ்கிய சிறுவர்களின் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. நிலத்தடியில் நீர்மட்டம் முதலில் இறங்கி, பிறகு ஏறியதால் மண் இரண்டு முறை கலைக்கப்பட்டது. பழைய சுரங்க மண்ணைப் பரப்பி, அதன்மேல் தாமான்கள் எழுந்தன. வீடு வாங்கும்போது வங்கி சம்பளச் சீட்டைக் கேட்கும், அடியில் என்ன இருந்தது என்று கேட்காது.

கல்லுமலையின் காலடியில்

1973 அக்டோபர் 18. தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஈப்போவின் குனோங் செரோ, நம்மவர்கள் வாயில் கல்லுமலை, அதன் செங்குத்தான முகத்திலிருந்து பெரிய பாறை பிரிந்து அடிவாரத்து நீண்ட வீட்டின்மேல் விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். மலேசியாவில் சுண்ணாம்புக் குன்று ஒன்று ஒரே நாளில் வாங்கிய உயிர்களில் மிக அதிகமானது அதுதான். கல்லுமலை அதற்கு முன்பும் எச்சரித்திருந்தது. 1920களில் பாறை விழுந்ததால், குகைக்குள் இருந்த முருகன் சந்நிதியை இடம் மாற்ற வேண்டியிருந்தது.

புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பம் இருக்கிறது அல்லவா? முறுக்கும் பகோடாவும் கடலையும் வாங்க நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து நிற்கும் தெரு. தமிழ்நாட்டிலிருந்து வந்த அந்தக் குடும்பங்கள் முதலில் தொழில் செய்தது கல்லுமலை அடிவாரத்தில்தான். அந்த விபத்துக்குப் பிறகுதான் புந்தோங்குக்கு வந்தார்கள். முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இது நம் நினைவுக்கு வருவதில்லை. புந்தோங்கில் இருக்கும் என் அத்தை, கல்லுமலையைக் கடந்து போகும்போது இன்றைக்கும் கார்க் கண்ணாடி வழியே மேலே பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர்வார்.

அந்த விபத்தைச் சுரங்கத்தின் தலையிலோ வெடிமருந்தின் தலையிலோ கட்டிவிட முடியாது. சுண்ணாம்புக் குன்றின் அடிப்பகுதியைத் தேங்கிய தண்ணீரும் ஈர மண்ணும் அரித்து உள்வாங்கச் செய்யும். மேலே பாறை கூரைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே செங்குத்தான வெடிப்புகளில் மழைநீர் இறங்கிக்கொண்டே இருக்கும். என்றைக்காவது ஒரு பாளம் பிரியும். இது இயற்கை. அப்படிப்பட்ட பாறையின் காலடியில்தான் சுரங்கக்காரர்கள் மண்ணை வழித்தெடுத்தார்கள், குட்டைகளை விட்டுப்போனார்கள். பக்கத்துக் குன்றுகளில் வெடி வைத்தார்கள். இயற்கையாகவே ஒரு காலை மடக்கி நிற்கும் ஒருவரை மறு காலில் தட்டுவது போன்ற வேலை அது. அப்படி ஒரு குன்றின் அடியில் ஏன் ஏழைகள் குடியிருக்கிறார்கள் என்பதற்கும் பதில் சுலபம். மற்ற இடங்களில் வாடகை கட்டுப்படியாகாது.

கல்லுடைப்பில் வேலை செய்கிறவர்களுக்கும் ஆபத்து குறைவில்லை. 2022 மார்ச்சில் ஈப்போ அருகே கெராமாட் பூலாய் கல்லுடைப்பில் மலைச்சரிவில் சிக்கி, மண்வாரி இயந்திரம் ஓட்டிய இருவர் உயிரிழந்தார்கள்.

மஸ்ஜித் இந்தியாவின் பள்ளம்

2024 ஆகஸ்ட் 23ஆம் நாள் காலை, கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து சுற்றுலா வந்திருந்த 48 வயதுப் பெண்மணி 8 மீட்டர் பள்ளத்துக்குள் விழுந்தார். சேலைக்கடையும் நகைக்கடையும் நிறைந்த தெரு அது. நாமெல்லாம் தீபாவளிக்கு நடந்து தேய்த்த நடைபாதை. ஐந்து நாள் கழித்து 50 மீட்டர் தூரத்தில் இன்னொரு பள்ளம் விழுந்தது. தீயணைப்புப் படையினர் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கித் தேடினார்கள். ஒன்பது நாளில் தேடல் நிறுத்தப்பட்டது. அவர் கிடைக்கவேயில்லை.

அந்தப் பள்ளத்துக்குச் சுரங்கம்தான் காரணம் என்று நான் எழுத மாட்டேன். அங்கே பழைய கழிவுநீர்க் குழாய் இருக்கிறது, கட்டடங்கள் இருக்கின்றன, நெருக்கடியான நகரம் இருக்கிறது. ஆனால் கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையின்மேல் நிற்கிறது. 1857இல் ஈயம் தேடிப் படகில் வந்தவர்களால் உண்டான ஊர் அது. ஸ்மார்ட் சுரங்கப் பாதையைக் குடைந்தபோது அந்தப் பாறையும் அதன் பொந்துகளும் பொறியாளர்களைப் படாதபாடு படுத்தின. இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு குழாய் கசிந்தாலும் மண் போய்ச்சேர அடியில் இடம் இருக்கிறது. ஈப்போவில் பம்பு செய்ததை நகரத்தில் ஒரு கசிவு செய்துவிடும்.

நிலாவரையும் காந்தானும்

யாழ்ப்பாணத்தில் வேர் உள்ள மலேசியத் தமிழர்களுக்குப் புத்தூர் நிலாவரைக் கிணறு தெரிந்திருக்கும். அடி காணாத கிணறு என்பார்கள். வெட்டிய கிணறு இல்லை அது. சுண்ணாம்புப் பாறையின் கூரை இடிந்து, உள்ளே தண்ணீர் நிரம்பிய குகை வானத்தைப் பார்க்கிறது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்கு ஆறு கிடையாது. மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, கடல்நீரின்மேல் மிதக்கும் நல்ல நீர்தான் அங்கே குடிநீர், அதுதான் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பாய்ச்சும் நீர். அதே பாறையை வெட்டித்தான் காங்கேசன்துறை சிமெந்து ஆலை 1950இலிருந்து சிமெந்து செய்தது. 1990இல் போர் ஆலையை மூடியது. பள்ளங்கள் அப்படியே நிற்கின்றன. பாறையின் கனம் குறைந்த இடத்தில் கடல்நீர் ஏறிவிடும் என்ற கவலை அங்கே நீண்டகாலமாக உண்டு. தண்ணீர்த் தொட்டியின் சுவரையே வெட்டி விற்றதுபோல ஆயிற்று.

நம் நாட்டில் அதே கேள்வி குனோங் காந்தானில் எழுந்தது. ஈப்போவுக்கு வடக்கே, செம்மோர் அருகே, சிமெந்துக்காகப் பல பத்தாண்டுகளாக வெட்டப்படும் குன்று. அந்தக் குன்றைத் தவிர உலகில் வேறெங்கும் கண்டறியப்படாத ஒரு பொறிக்கதவுச் சிலந்தி அங்கே வாழ்கிறது. அதன் அறிவியல் பெயரிலேயே காந்தான் இருக்கிறது. 2014இல் அங்கே கண்டெடுத்த ஒரு சிறு நத்தைக்கு, குன்றை வெட்டிக்கொண்டிருந்த லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே ஆய்வாளர்கள் சூட்டினார்கள். பாராட்டா, நினைவூட்டலா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிட்டார்கள் போலும். அதே குன்றின் குகையில் இருக்கும் பௌத்த மடத்தின் விவகாரம் நீதிமன்றம்வரை போனது. 2018இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசிய புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புவிப்பூங்கா என்ற பலகை இருக்கும் பள்ளத்தாக்கிலேயே கல்லுடைப்பு லாரிகளும் ஓடுகின்றன. சிமெந்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நான் குடியிருக்கும் வீடும் சிமெந்தால் கட்டியதுதான். எந்தக் குன்று, எந்த ஆழம்வரை, அடியில் இருக்கும் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்பதே கேள்வி.

யார் பார்க்கிறார்கள்?

மலேசியாவில் நிலம் மாநிலத்தின் கையில். கல் வெட்ட அனுமதி தேசிய நிலச் சட்டத்தின் கீழ் வருகிறது. கனிமம் எடுக்க மாநிலக் கனிமச் சட்டம் இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டைப் பார்ப்பது கூட்டரசின் சுற்றுச்சூழல் துறை. பாறையைப் பற்றி நன்றாகத் தெரிந்தது கனிம, புவி அறிவியல் துறைக்கு. ஆற்றையும் வாய்க்காலையும் பார்ப்பது இன்னொரு துறை. வீடு கட்ட அனுமதி கொடுப்பது ஊராட்சி மன்றம். ஒவ்வொருவரும் தங்கள் பங்கைச் செய்வதாகவே வைத்துக்கொள்வோம். குகைக்குள் ஓடும் தண்ணீர் இவர்களில் யாருடைய மேசைக்கும் முழுதாக வருவதில்லை.

இதில் இன்னொரு சிக்கல் காலம். உரிமம் சில ஆண்டுகளுக்குக் கொடுக்கப்படுகிறது. உரிமத் தொகையும் ரோயல்டியும் அந்த ஆண்டுகளிலேயே மாநிலக் கருவூலத்துக்கு வந்துவிடும். பள்ளம் விழுவதோ, பம்பு நின்று பத்து, இருபது, நாற்பது ஆண்டு கழித்து. அப்போது அந்த நிறுவனத்தின் பெயர்ப் பலகைகூட இருக்காது. மந்திரி புசார் மாறியிருப்பார். அந்தத் தாமானில் வீடு வாங்கியவர் மட்டும் இருப்பார். சுரங்கம் மூடியபின் நிலத்தைச் சீர்செய்யும் திட்டம் வேண்டும் என்று சட்டம் இப்போது சொல்கிறது, உண்மைதான். அதில் மரம் நடுவது இருக்கும், சரிவைச் சமன்செய்வது இருக்கும். அடியில் இருக்கும் நீர்மட்டத்தை எத்தனை ஆண்டுக்கு அளப்பார்கள் என்பதுதான் முக்கியம்.

இது முடிந்துபோன ஈயக் காலத்துக் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஹுலு பேராக்கின் கெனெரிங்கில் 2022இல் அரிய மண் தனிமங்களை எடுக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. அங்கே மண்ணைத் தோண்டுவதில்லை, இரசாயனக் கரைசலை மலைக்குள் செலுத்தித் தனிமத்தைக் கரைத்து எடுக்கிறார்கள். அங்கே இருப்பது கருங்கல் மலையின் களிமண், சுண்ணாம்புக்கல் இல்லை. ஆனாலும் கேள்வி அதேதான்: உள்ளே விட்ட தண்ணீர் எங்கே போகிறது? பல மாநிலங்கள் இந்தத் தனிமங்களில் வருமானத்தைப் பார்க்கின்றன. 2015இல் குவாந்தானில் பாக்சைட் லாரிகள் ஊரையும் கடலையும் சிவப்பாக்கிய பிறகுதான், 2016 ஜனவரியில் கூட்டரசு தற்காலிகத் தடை போட்டது. எல்லாரும் பார்க்கும்படி சிவந்ததால் தடை வந்தது.

ஜொகூருக்கும் இதில் பழைய கணக்கு உண்டு. பத்து பகாட் அருகே ஸ்ரீ மேடானில் 1920களில் ஜப்பானின் இஷிஹாரா நிறுவனம் இரும்புத்தாது எடுத்துக் கப்பலேற்றியது. தெலுக் ரமூனியாவில் பாக்சைட் எடுத்தார்கள். கோத்தா திங்கி பக்கம் ஈயம் தோண்டினார்கள். இப்போது மணல். குகை இல்லை என்பதால் நமக்கு வேலை இல்லை என்று ஆகாது. ஜொகூர் ஆற்றிலிருந்து நாமும் குடிக்கிறோம், 1962 ஒப்பந்தப்படி 2061வரை சிங்கப்பூரும் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன்வரை எடுக்கலாம். ஒரு வண்டல் குளம் உடைந்தால் இரண்டு நாடுகளின் குழாய்களில் தெரியும். அதனால்தான் அன்று அவ்வளவு வேகமாக ஆட்கள் வந்தார்கள். கோப்பெங் மலைக்குள் ஓடும் ஆற்றுக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள்.

நம் ஆலய நிருவாகங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குன்றின் அடியில் இருக்கும் கோயில்கள் கும்பாபிஷேகத்துக்கும் கூரைக்கும் நிதி திரட்டுகின்றன. தலைக்கு மேலே இருக்கும் பாறையைப் புவி அறிவியல் துறையைக் கொண்டு பார்க்கச் சொல்ல அதில் சிறு பங்கு நேரம் ஒதுக்கினால் போதும். கடிதம் எழுதினால் வருவார்கள். பாறை ஓரத்தில் அன்னதானக் கொட்டகை போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். குன்றுக்குப் பின்பக்கம் கல்லுடைப்பு இருந்தால் வெடி வைக்கும் நேரத்தைக் கேட்டு வாங்கலாம். பெரும்பாலான பக்தர்கள் கோயிலின் முன்பக்கத்தை மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

பெரிய திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அவை கனமான புத்தகங்கள், மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். முழுவதையும் படிக்க யாருக்கும் நேரம் கிடையாது. நம் பிள்ளைகளில் பொறியியலும் புவியியலும் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். நிலத்தடி நீர் பற்றிய அத்தியாயத்தை முதலில் திறக்கச் சொல்லுங்கள். எத்தனை கண்காணிப்புக் கிணறுகள் போடப் போகிறார்கள், தினமும் எவ்வளவு தண்ணீரை இறைப்பார்கள், பம்பை நிறுத்திய பிறகு எத்தனை ஆண்டுக்கு நீர்மட்டத்தை அளப்பார்கள், அதற்கான பணத்தை யாரிடம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அதை எழுதி, கையொப்பமிட்டு, குறிப்பிட்ட தேதிக்குள் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.